பணிவாகக் கேட்பது எப்படி? ஜப்பானிய மொழி தொடங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கியவர்களின் வாயில் சில வாரங்களிலேயே ஒட்டிக்கொள்ளும் சொல் ‘குதஸாய்’. தண்ணீர் வேண்டுமென்றால் ‘மிஸு ஒ குதஸாய்’. ஒருவரைக் காத்திருக்கச் சொல்ல ‘மத்தெ குதஸாய்’. பல கையேடுகள் இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘தயவுசெய்து’ என்று எழுதியிருக்கும். படிப்பவரும் இதைச் சேர்த்துவிட்டால் எந்த வாக்கியமும் பணிவாகிவிடும் என்று நம்பிவிடுவார்.

அந்த நம்பிக்கையோடு ஒரு மாணவர் பேராசிரியரிடம் போய், பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்பதற்கு ‘காய்-தெ குதஸாய்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இலக்கணப்படி பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பேராசிரியரின் காதில் அது ‘எழுதிக் கொடுங்கள்’ என்று வேலை சொல்வதாகவே விழும். முடியாது என்று சொல்ல அவருக்கு அந்த வாக்கியத்தில் இடம் இல்லை.

ஜப்பானிய மொழியில் ஒரு வேண்டுகோளின் பணிவு வினையின் முடிவில்தான் இருக்கிறது. உதவி யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, மறுப்பதற்கு எதிராளிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்ற இரண்டையும் அந்த முடிவுதான் சொல்லும். இதைப் பிடித்துக்கொண்டால் பாடநூலில் தனித்தனியாக வரும் வடிவங்கள் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். தமிழ் பேசுபவருக்கு இது கடினமும் அல்ல. நாமும் பேச்சில் ‘தயவுசெய்து’ என்று சொல்வது அரிது. ‘கொஞ்சம் எழுதித் தர முடியுமா?’ என்று வினையை நீட்டித்தான் பணிவைக் காட்டுகிறோம்.

உலகமெங்கும் பயன்படும் ‘மின்னா நொ நிஹொங்கொ’ பாடநூலில் ‘தெ குதஸாய்’ 14-ஆம் பாடத்தில் வருகிறது. அதைவிடப் பணிவான ‘தெ இ-ததக்கெமஸென் கா’ இரண்டாம் தொகுதியின் தொடக்கமான 26-ஆம் பாடத்தில்தான் வருகிறது. அதுவரை மாணவர் குதஸாயை வைத்தே எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த இடைவெளியை நிரப்புவதே இந்தக் கட்டுரையின் வேலை.

படிக்கும் முன் ஒரு குறிப்பு

ஜப்பானிய ஒலிகளைத் தமிழ் எழுத்தில் முழுத் துல்லியமாகக் காட்ட முடியாது. அதனால் இங்கே ஒரு சிறு ஏற்பாடு. ‘தபெ-தெ’ என்று நடுவில் கோடு இருந்தால், கோட்டுக்குப் பின் வரும் தகரத்தைத் ‘தெரு’ என்பதன் முதலெழுத்துப் போல வன்மையாகச் சொல்லுங்கள். ‘யொந்தெ’ என்பதில் வருவது ‘வந்தேன்’ என்பதில் உள்ள மெல்லிய தகரம். ஹிராகானா எழுத்துகளைக் கற்று, ஒலியைக் காதால் கேட்டுத் திருத்திக்கொள்வது எப்போதும் நல்லது.

பொருளைக் கேட்பது

மிக எளிய வேண்டுகோள், ஒரு பொருளைத் தரச் சொல்வது. பொருளின் பெயர், அதன் பின் ‘ஒ’ என்ற உருபு, பின்னர் ‘குதஸாய்’. ‘ஒ’ நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ செய்யும் வேலையையே செய்கிறது. ‘கொரெ ஒ குதஸாய்’ என்றால் ‘இதைக் கொடுங்கள்’. கடையில் பொருளைச் சுட்டிக்காட்டி இதைச் சொன்னால் போதும். தரக்குறைவாக யாரும் எண்ண மாட்டார்கள். விற்பது கடைக்காரரின் வேலை, வாங்குவது நம் வேலை. அங்கே குதஸாய் சரியாகப் பொருந்துகிறது.

இதே இடத்தில் ‘ஒனெகாய்ஷிமஸ்’ என்றும் சொல்லலாம். ‘நெகாவு’ என்றால் வேண்டுதல். அந்த வினையின் பணிவு வடிவம்தான் இது. ‘வேண்டிக்கொள்கிறேன்’ என்பதற்குப் பக்கத்தில் வரும். குதஸாயைவிட ஒரு நூல் மென்மையானது. அதோடு, குதஸாய் நுழைய முடியாத இடங்களிலும் இது நுழையும். தொலைபேசியில் தனாகா என்பவரிடம் பேச வேண்டுமென்றால் ‘தனாகா ஸான் ஒ ஒனெகாய்ஷிமஸ்’ என்று கேட்கலாம். அங்கே குதஸாய் போட்டால் ‘தனாகாவைக் கொடுங்கள்’ என்று ஆளையே கேட்டதுபோல் ஆகிவிடும். டாக்ஸியில் ஏறி, போக வேண்டிய இடத்தைச் சொல்லி, ‘மதெ ஒனெகாய்ஷிமஸ்’ என்று முடித்தால் ‘அதுவரை போகணும்’ என்று பொருள். உணவகத்தில் பில் கேட்க ‘ஒகாய்கெய் ஒனெகாய்ஷிமஸ்’. பொருளாக இல்லாமல் ஒரு சேவையாக இருந்தால் ஒனெகாய்ஷிமஸ் என்று நினைவில் வையுங்கள்.

ஜப்பானில் 2020 ஜூலை முதல் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குகிறார்கள். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் பை வேண்டுமா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வேண்டும் என்றால் ‘ஒனெகாய்ஷிமஸ்’, வேண்டாம் என்றால் ‘டாய்ஜோபு டெஸ்’. முதல் நாளே பயன்படும் இரண்டு பதில்கள் இவை.

செயலைக் கேட்பது: ‘தெ’ வடிவம்

ஒருவரை ஒரு வேலை செய்யச் சொல்லிக் கேட்க, முதலில் வினையைத் ‘தெ’ வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இது நம் வினையெச்சத்தின் வேலையைச் செய்கிறது. ‘எழுதிக் கொடுங்கள்’ என்பதில் ‘எழுதி’ எப்படித் தானே முடியாமல் அடுத்த வினையை எதிர்பார்த்து நிற்கிறதோ, ‘காய்-தெ குதஸாய்’ என்பதில் ‘காய்-தெ’ அப்படியே நிற்கிறது. ‘செய்து பார்’, ‘செய்து வை’, ‘செய்துவிடு’ என்று நாம் துணைவினை சேர்ப்பதைப் போலவே ஜப்பானியரும் ‘தெ’ வடிவத்தோடு பார்த்தல், வைத்தல், முடித்தல் ஆகிய பொருளுள்ள வினைகளைச் சேர்க்கிறார்கள். ஆகவே ‘தெ’ வடிவத்தைத் தமிழில் ‘செய்து’ என்று மனத்தில் சொல்லிக்கொண்டே படியுங்கள்.

மாற்றும் விதிகள் இவை. வினைகள் மூன்று குழுக்களாகப் பிரியும்.

இரண்டாம் குழு மிக எளிது. வினையின் பணிவு முடிவான ‘மஸ்’ஸை எடுத்துவிட்டு ‘தெ’ சேர்த்தால் முடிந்தது. தபெமஸ் (சாப்பிடு) தபெ-தெ ஆகும். மிஸெமஸ் (காட்டு) மிஸெ-தெ. ஒஷியெமஸ் (சொல்லிக்கொடு) ஒஷியெ-தெ. மிமஸ் (பார்) மி-தெ.

மூன்றாம் குழுவில் இரண்டே வினைகள். ஷிமஸ் (செய்) ஷி-தெ ஆகும்; கிமஸ் (வா) கி-தெ ஆகும்.

முதல் குழுவில்தான் கொஞ்சம் உழைப்பு வேண்டும். ‘மஸ்’ஸுக்கு முன் வரும் ஒலியைப் பாருங்கள்.

இ, ச்சி, ரி என்று வந்தால் ‘த்தெ’: காய்மஸ் (வாங்கு) கத்தெ, மச்சிமஸ் (காத்திரு) மத்தெ, தொரிமஸ் (எடு) தொத்தெ.

மி, பி, நி என்று வந்தால் ‘ந்தெ’: யொமிமஸ் (படி) யொந்தெ, யொபிமஸ் (கூப்பிடு) இதுவும் யொந்தெ.

வல்லின ‘கி’ வந்தால் அது ‘இ’ ஆகித் ‘தெ’ சேரும்: கிக்கிமஸ் (கேள்) கீ-தெ. மெல்லிய ‘கி’ வந்தால் மெல்லிய ‘தெ’ வரும்: இஸொகிமஸ் (விரைந்து செய்) இஸொய்தெ.

ஷி வந்தால் ‘ஷி-தெ’: கஷிமஸ் (இரவல் கொடு) கஷி-தெ.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று: இக்கிமஸ் (போ) என்பது இத்தெ ஆகும்.

இங்கே காதைக் கூர்மையாக வைத்துக்கொள்ள வேண்டிய ஓர் இடம் உண்டு. ‘கி-தெ குதஸாய்’ என்றால் வாருங்கள். ‘கீ-தெ குதஸாய்’ என்றால் கேளுங்கள். ‘கித்தெ குதஸாய்’ என்றால் வெட்டுங்கள். குறில், நெடில், ஒற்று ஆகிய மூன்றே இந்த வாக்கியங்களைப் பிரிக்கின்றன. ‘படு, பாடு, பட்டு’ என்று சிறு வயதிலிருந்தே பிரித்துச் சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு இருக்கிறது. அந்தப் பழக்கத்தை ஜப்பானிய மொழிக்கும் கொண்டுபோனால் உச்சரிப்பில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

குதஸாய் பொருந்தும் இடமும் உறுத்தும் இடமும்

குதஸாய் என்பது ‘குதஸரு’ என்ற வினையின் ஏவல் வடிவம். ‘மேலிருப்பவர் எனக்குத் தருதல்’ என்பது அதன் பொருள். சொல்லில் மரியாதை இருக்கிறது, வடிவம் ஏவல்தான். ‘செய்து தாருங்கள்’ என்பதில் ‘ங்கள்’ மரியாதையைத் தந்தாலும் அது கட்டளை வடிவமே என்பதைப்போல.

அப்படியானால் எப்போது பயன்படுத்தலாம்? இந்தச் செயலால் யாருக்கு நன்மை என்று கேட்டுப் பாருங்கள்.

செயலைச் செய்பவருக்கே நன்மை என்றால் குதஸாய் தாராளமாக வரலாம். விருந்தாளியிடம் ‘டோஸோ, தபெ-தெ குதஸாய்’ என்றால் ‘சாப்பிடுங்க, சாப்பிடுங்க’ என்று உபசரிப்பது. உடம்பு சரியில்லாதவரிடம் ‘யஸுந்தெ குதஸாய்’ என்றால் ‘ஓய்வெடுங்கள்’. இங்கே ‘ஓய்வெடுத்துத் தர முடியுமா?’ என்று சுற்றிவளைத்துக் கேட்டால்தான் விநோதமாக இருக்கும்.

வழிநடத்துவது ஒருவரின் வேலை என்றால் அங்கேயும் பொருந்தும். வகுப்பில் ஆசிரியர் ‘யொந்தெ குதஸாய்’ என்பார், மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வார், அலுவலகத்தில் படிவத்தை நீட்டி ‘காய்-தெ குதஸாய்’ என்பார்கள். சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது. நாமும் அதை எதிர்பார்த்தே போகிறோம்.

நன்மை நமக்கு, உழைப்பு அவருக்கு, அதைச் செய்யும் கடமையும் அவருக்கு இல்லை என்றால் குதஸாய் உறுத்தத் தொடங்கும். பரிந்துரைக் கடிதம் அப்படிப்பட்டது. வழியில் போகிறவரை நிறுத்திப் படம் எடுக்கச் சொல்வதும், சக ஊழியரிடம் நம் மின்னஞ்சலைத் திருத்தித் தரச் சொல்வதும் அப்படிப்பட்டவை. இந்த இடங்களில் ஏவலை விட்டுக் கேள்விக்கு மாற வேண்டும்.

கேள்வியாக மாற்றும் மூன்று படிகள்

ஜப்பானிய மொழியில் ‘தருதல்’ என்பதற்கு ஒரே வினை இல்லை. நான் பிறருக்குத் தந்தால் ‘அகெரு’. பிறர் எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ தந்தால் ‘குரெரு’. நான் பெற்றுக்கொண்டால் ‘மொராவு’. மொராவு என்பதையே மிகத் தாழ்ந்து சொன்னால் ‘இ-ததக்கு’. சாப்பிடும் முன் ஜப்பானியர் சொல்லும் ‘இ-ததக்கிமஸ்’ இந்த வினைதான்.

கேட்பவரின் நிலையைப் பார்த்துச் சொல் மாறுவது நமக்கும் பழைய செய்தி. ஈ, தா, கொடு என்ற மூன்றில், தாழ்ந்தவர் கேட்கும்போது ஈ, ஒத்தவர் கேட்கும்போது தா, உயர்ந்தவர் கேட்கும்போது கொடு என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்திருக்கிறது. ஜப்பானிய மொழியில் அந்த வகையான பாகுபாடு இன்றைய அன்றாடப் பேச்சிலும் உயிரோடு இருக்கிறது.

இப்போது ‘தெ’ வடிவத்தோடு இந்த வினைகளைச் சேர்த்து, எதிர்மறைக் கேள்வியாக்குங்கள்.

முதல் படி: தெ குரெமஸென் கா. ‘செய்து தர மாட்டீர்களா?’ என்பதன் கட்டமைப்பு. தமிழில் ‘மாட்டீர்களா’ என்றால் குறைப்படுவதுபோல் தோன்றும். ஜப்பானிய மொழியில் அந்தக் குறை இல்லை. ‘குரெமஸ் கா’ என்று நேராகக் கேட்பதைவிட இதுதான் பணிவு. இல்லை என்ற பதில் ஏற்கெனவே கேள்விக்குள் இருப்பதால் எதிராளிக்கு மறுப்பது எளிதாகிறது. ஓரளவு பழகியவர், உடன் வேலை செய்பவர் ஆகியோரிடம் இது போதும்.

இரண்டாம் படி: தெ மொராயெமஸென் கா. ‘நீங்கள் செய்வதை நான் பெற முடியாதா?’ என்பதன் கட்டமைப்பு. பேச்சுத் தமிழில் ‘செய்து தர முடியுமா?’ என்று கேட்கும் இடம் இது. வாக்கியத்தில் ‘நீங்கள் தாருங்கள்’ என்பது மறைந்து, ‘எனக்குக் கிடைக்குமா’ என்பது முன்னால் வருகிறது. அதனால் ஒரு படி கூடுதல் மென்மை.

மூன்றாம் படி: தெ இ-ததக்கெமஸென் கா. இரண்டாம் படியின் அதே கட்டமைப்பு. மொராவு இருந்த இடத்தில் இ-ததக்கு. ஆசிரியர், மேலதிகாரி, வாடிக்கையாளர், முன்பின் தெரியாதவர் ஆகியோரிடம் கேட்க ஏற்றது. ‘செய்து தர இயலுமா ஐயா?’ என்று நாம் குரலைத் தாழ்த்திக் கேட்கும் இடம்.

ஒரே வேண்டுகோளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். வேண்டுவது வழி சொல்லித் தருவது.

ஒஷியெ-தெ குதஸாய்.
ஒஷியெ-தெ குரெமஸென் கா.
ஒஷியெ-தெ மொராயெமஸென் கா.
ஒஷியெ-தெ இ-ததக்கெமஸென் கா.

இன்னும் மேலே போக வேண்டுமானால் கடைசியில் ‘டெஷோ’ சேர்த்து ‘இ-ததக்கெமஸென் டெஷோ கா’ என்று நீட்டலாம். தொடக்க நிலையில் அதைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். எதைக் கற்பது என்று குழம்புபவர், மூன்றாம் படியை மட்டும் முதலில் மனப்பாடம் செய்யட்டும். அளவுக்கு மேல் பணிந்தாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வினையைத் ‘தெ’ வடிவத்துக்கு மாற்றத் தெரிந்தால், மீதியை ஒரே மூச்சில் சேர்த்துவிடலாம்.

அனுமதி கேட்பதா, உதவி கேட்பதா

தோக்கியோவின் அஸகுஸாவில் உள்ள ஸென்ஸோஜி கோயிலின் முன்வாயிலில் பெரிய சிவப்பு விளக்கு தொங்குகிறது. அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாத பயணிகள் குறைவு. அங்கே பக்கத்தில் நிற்பவரிடம் கைபேசியை நீட்டி நீங்கள் சொல்ல வேண்டியது: ‘ஷஷின் ஒ தொத்தெ மொராயெமஸென் கா.’ படம் எடுத்துத் தர முடியுமா?

இதற்குப் பதில் ‘ஷஷின் ஒ தொத்தெ மொ ஈ டெஸ் கா’ என்று சொன்னால் பொருளே வேறு. ‘நான் படம் எடுக்கலாமா?’ என்று அனுமதி கேட்பது அது. அவரையே படமெடுக்கப் போகிறீர்கள் என்று எண்ணிக் கொஞ்சம் தயங்குவார். இரண்டு வாக்கியங்களும் ‘ஷஷின் ஒ தொத்தெ’ என்றே தொடங்குகின்றன. அதன் பின் வருவதைப் பொறுத்து, படமெடுப்பவர் மாறிவிடுகிறார்.

ஆகவே வேண்டுகோளை வாயில் எடுக்கும் முன், செயலைச் செய்யப் போவது யார் என்று தெளிவு செய்துகொள்ளுங்கள். செய்வது நான் என்றால் ‘தெ மொ ஈ டெஸ் கா’. செய்வது நீங்கள் என்றால் குரெமஸென், மொராயெமஸென், இ-ததக்கெமஸென் ஆகியவற்றில் ஒன்று. பேனா கேட்கும்போதும் இரண்டு வழிகள் உண்டு. ‘கஷி-தெ குரெமஸென் கா’ என்றால் ‘இரவல் தர முடியுமா?’ ‘கரி-தெ மொ ஈ டெஸ் கா’ என்றால் ‘இரவல் வாங்கிக்கொள்ளலாமா?’ இரண்டும் சரி. தருவதற்கும் வாங்குவதற்கும் வினை வேறு என்பதை மட்டும் கலந்துவிடக் கூடாது.

செய்ய வேண்டாம் என்று கேட்பது

வினையின் ‘நாய்’ என்ற எதிர்மறை வடிவத்தோடு மெல்லிய ‘தெ’யும் குதஸாயும் சேர்க்க வேண்டும். ‘தொரநாய்தெ குதஸாய்’ என்றால் ‘எடுக்காதீர்கள்’. அருங்காட்சியகத்தில் படமெடுக்க வேண்டாம் என்று சொல்லும் வாக்கியம் இது. அக்கறையைக் காட்டவும் இதே வடிவம்தான்: ‘ஷின்பாய் ஷிநாய்தெ குதஸாய்’ என்றால் ‘கவலைப்படாதீர்கள்’.

தடை சொல்வது எந்த மொழியிலும் கூர்மையான காரியம். தனிப்பட்ட ஒருவரிடம் சொல்லும்போது ‘நாய்தெ இ-ததக்கெமஸென் கா’ என்று முடிப்பது நல்லது. ‘செய்யாமல் இருக்க முடியுமா?’ என்று கேட்பதுபோல் அது மென்மையாகிவிடும்.

கேட்பதற்கு முன் கதவைத் தட்டுங்கள்

எவ்வளவு பணிவான முடிவைப் போட்டாலும் வாக்கியத்தைத் திடீரென்று தொடங்கினால் உறுத்தும். ஜப்பானியர் முதலில் ‘ஸுமிமஸென்’ என்பார்கள். மன்னிக்கவும் என்பதற்கும், கவனத்தைத் திருப்புவதற்கும், சில இடங்களில் நன்றி சொல்வதற்கும் இதே சொல்தான். அதோடு ‘ங்கா’ சேர்த்து ‘ஸுமிமஸெங்கா...’ என்று இழுத்தால் ‘தொந்தரவுக்கு மன்னிக்கணும், ஒரு விஷயம்...’ என்று எதிராளியைத் தயார்செய்வதாக ஆகும். கேள்வியில் வரும் ‘கா’ வல்லோசை, இது மெல்லோசை.

அடுத்தது ‘ச்சொத்தொ’. ‘கொஞ்சம்’ என்று பொருள். நாம் ‘கொஞ்சம் நகருங்க’, ‘கொஞ்சம் பாருங்க’ என்று அளவையே குறிக்காமல் சொல்வது போல அவர்களும் சொல்கிறார்கள். ‘ச்சொத்தொ மத்தெ குதஸாய்’ என்றால் ‘கொஞ்சம் பொறுங்க’. இந்த ஒரு சொல்லைத் தமிழர் எங்கே போடுவாரோ, அநேகமாக அங்கேயே ஜப்பானிய மொழியிலும் போடலாம்.

மூன்றாவது, காரணத்தை முதலில் வைப்பது. ‘ன் டெஸுங்கா’ என்ற முடிவு இதற்கென்றே இருக்கிறது. ‘மேரு ஒ காய்-தன் டெஸுங்கா, மி-தெ இ-ததக்கெமஸென் கா.’ மேரு என்றால் மின்னஞ்சல். ‘ஒரு மெயில் எழுதியிருக்கேன்... கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா?’ என்று நம் அலுவலகங்களில் கேட்பதன் அதே நடை. நிலைமையைச் சொல்லிவிட்டு, ஒரு கணம் நிறுத்தி, பின் கேட்பது.

பல நேரம் பின்பாதியைச் சொல்லவே தேவையில்லை. ‘மிச்சிங்கா வக்கரநாய்ன் டெஸுங்கா...’ என்று நிறுத்தினால் போதும். ‘வழி தெரியலை...’ என்று சொல்லி நின்றாலே, கேட்டவர் கையைக் காட்டத் தொடங்குவார். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. முகவரி வட்டார எண்களால் அமைகிறது. அதனால் தெருமுனைக் காவல் சாவடியான ‘கோபன்’ வாசலில் இந்த வாக்கியம் நிறையவே உதவும்.

மறுப்பைக் கேட்டு அறிவது

மறுக்க இடம் விட்டுக் கேட்டோம் என்றால், மறுப்பு வரும்போது அதைப் புரிந்துகொள்ளவும் தெரிய வேண்டும். ஜப்பானியர் ‘முடியாது’ என்று நேராகச் சொல்வது குறைவு. ‘ஸுமிமஸென், ச்சொத்தொ...’ என்று இழுத்து நிறுத்தினால் அதுவே மறுப்பு. ஏன் என்று கேட்டு நெருக்காமல், பரவாயில்லை என்ற பொருளில் ‘டாய்ஜோபு டெஸ்’ என்று விலகிக்கொள்வது மரியாதை.

சம்மதம் என்றால் ‘ஈ டெஸ் யொ’ என்பார். கடைசியில் வரும் ‘யொ’ முக்கியம். அது இல்லாமல், ஏதாவது வேண்டுமா என்ற கேள்விக்கு வெறும் ‘ஈ டெஸ்’ என்று சொன்னால் ‘வேண்டாம்’ என்றும் பொருள்படும். உதவி கிடைத்த பின் ‘அரிகதோ கொஸாய்மஸ்’ சொல்வது வழக்கம். அதோடு ‘தஸுக்கரிமஷ்தா’ என்று சேர்த்தால் ‘பெரிய உதவியா இருந்துச்சு’ என்று மனதாரச் சொன்னதாக இருக்கும்.

வீட்டிலும் ரயில் நிலையத்திலும்

நண்பரிடமும் வீட்டாரிடமும் இந்தப் படிகள் எல்லாம் தேவையில்லை. ‘மத்தெ’ என்று ‘தெ’ வடிவத்தோடு நிறுத்தினாலே ‘கொஞ்சம் இரு’ என்றாகிவிடும். கொஞ்சம் மென்மை வேண்டுமானால் ‘தெ குரெநாய்?’ என்று குரலை உயர்த்திக் கேட்பார்கள். ஆனால் ‘நஸாய்’ என்ற முடிவோடு கவனமாக இருங்கள். ‘தபெநஸாய்’ என்பது தாய் பிள்ளையிடம் ‘சாப்பிடு’ என்று சொல்வது. ஒலியில் குதஸாய்க்கு உறவு போலத் தோன்றினாலும் பெரியவரிடம் வாய் தவறியும் சொல்லக் கூடாது.

மொட்டையான ஏவலைப் பெரும்பாலும் பலகையில்தான் பார்ப்பீர்கள். ஜப்பானியச் சாலைகளில் தலைகீழ் முக்கோணச் சிவப்புப் பலகையில் ‘தொமரெ’ என்று எழுதியிருக்கும்: ‘நில்’. ஆபத்தைத் தடுக்கும் இடத்தில் பணிவுக்கு நேரமில்லை.

ரயில் நிலையத்திலோ நேர்மாறு. ‘ஷோஷோ ஒமச்சி குதஸாய்’, ‘கொச்சூயி குதஸாய்’ (கவனமாக இருங்கள்) என்று ஒலிபெருக்கியில் கேட்கும். சொல்லுக்கு முன்னால் ‘ஒ’ அல்லது ‘கொ’ சேர்த்து, ‘தெ’ இல்லாமல் குதஸாய் வருகிறது பாருங்கள். ‘மத்தெ குதஸாய்’ என்பதன் உயர்மரியாதை வடிவம் ‘ஒமச்சி குதஸாய்’. கடை, வங்கி, ரயில் நிறுவனம் ஆகியவை பொதுமக்களிடம் பேசும் நடை அது. தொடக்க மாணவர் அதைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும்.

பணிக்காகப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடுகள் இன்னும் முக்கியம். 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய ‘தொக்குதெய் கினோ’ என்ற திறன் விசாவில் முதியோர் பராமரிப்பும் ஒரு துறை. பராமரிப்பு இல்லத்தில் ஒரு முதியவரின் கையை உயர்த்தச் சொல்ல ‘உதெ ஒ அகெ-தெ குதஸாய்’ என்றால் வேலை நடந்துவிடும். ‘உதெ ஒ அகெ-தெ இ-ததக்கெமஸ் கா’ என்று கேட்டால், உடல் தளர்ந்த நிலையிலும் தன் சம்மதத்தைக் கேட்டுத்தான் தொடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாளில் பலமுறை சொல்ல வேண்டிய வாக்கியம் அது. அதன் முடிவு அவருடைய அன்றாடத்தின் தன்மையையே மாற்றும். இலக்கணத்தை ஏன் இவ்வளவு நுணுக்கிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

எப்படிப் பயிற்சி செய்வது?

சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தொஸொகாய் போன்ற மையங்களில் படிப்பவரானாலும், வீட்டில் தனியே படிப்பவரானாலும், இதற்கு அதிக நேரம் தேவையில்லை. ஒஷியெ-தெ (சொல்லித் தந்து), மிஸெ-தெ (காட்டி), மத்தெ (காத்திருந்து), காய்-தெ (எழுதி), தொத்தெ (எடுத்து) என்று அன்றாடம் தேவைப்படும் ஐந்து வினைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் குதஸாய், குரெமஸென் கா, மொராயெமஸென் கா, இ-ததக்கெமஸென் கா ஆகிய நான்கோடும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். மொத்தம் 20 வாக்கியங்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடியின் தொடக்க நிலைகளான என்5, என்4 ஆகியவற்றில் வேண்டுகோள் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பகுதிக்கு இந்தப் பயிற்சி கைகொடுக்கும்.

பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்: அறைத்தோழர், சக ஊழியர், வீட்டுக்காரர், பேராசிரியர். இந்த வேலையால் யாருக்கு நன்மை, வேலை எவ்வளவு பெரிது, மறுத்தால் அவருக்குச் சங்கடம் வருமா என்று கேட்டுப் பார்த்து, அதற்கேற்ற முடிவைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்தபின் முன்னால் ஒரு ‘ஸுமிமஸெங்கா’வும், அடுத்து காரணமும் சேர்த்து முழு வாக்கியமாக்குங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகும் அந்த மாணவர் ‘ஸென்ஸெய், ஸுமிமஸெங்கா’ என்று தொடங்கி, எதற்காக, எந்தத் தேதிக்குள் என்று சொல்லி, ‘காய்-தெ இ-ததக்கெமஸென் கா’ என்று முடிக்கட்டும். எழுதித் தருவதா வேண்டாமா என்று பேராசிரியர் தாமாக முடிவுசெய்ய அந்த வாக்கியத்தில் இடம் இருக்கும்.